எல்.கே.ஜி.க்கு முன் வீட்டில் ஆக வேண்டிய வேலைகள்

பள்ளிச் சேர்க்கை நேரத்தில் விண்ணப்பம் எழுத உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வரும் தாய்மார்களில் சிலர், பேசி முடித்து எழுந்த பிறகு குரலைத் தாழ்த்தி ஒன்று சொல்வார்கள்: "பிள்ளைக்குப் பேச்சு இன்னும் சரியா வரலை. ஸ்கூல்ல இதைச் சொல்ல வேண்டாம்." சொன்னால் இடம் கிடைக்காது என்ற பயம் ஒன்று. மூத்த பெண்ணுக்கு நிக்காஹ் பேச்சு வரும் நேரத்தில் வெளியே தெரிய வேண்டாம் என்பது இன்னொன்று. இரண்டும் நமக்குப் புரிகிறது. ஆனால் அப்படி மறைத்துச் சேர்த்த ஒரு பிள்ளையை மூன்றாம் வாரமே வீட்டுக்கு அனுப்பியதையும் பார்த்திருக்கிறோம். மணிச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போனவனை, அடம் பிடிக்கிறான் என்று ஆசிரியை நினைத்துவிட்டார். அவருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

எனவே, பிள்ளையைப் பற்றி ஒரு பக்கம் எழுதிப் பள்ளியில் கொடுங்கள். மருத்துவர் சொன்ன பெயருக்கு ஒரு வரி போதும். எதற்குப் பயப்படுவான், கழிப்பறை போக வேண்டும் என்பதை எப்படிக் காட்டுவான், அழுதால் எதைச் செய்தால் அடங்குவான் என்பவைதான் ஆசிரியைக்கு உதவும்.

ஏ, பி, சி, டி சொல்லித் தருவது பள்ளியின் வேலை. டிபன் பாக்ஸ் மூடியைத் தானே திறப்பது, ஜட்டியை இறக்கி ஏற்றுவது, பெயர் சொன்னால் திரும்புவது, பத்து நிமிடம் ஓரிடத்தில் உட்காருவது ஆகியவற்றை வீட்டில் பழக்குங்கள். நன்னி ஊட்டிவிட்டே வளர்ந்த பிள்ளைக்கு டிபன் பாக்ஸ் மட்டுமே ஒரு மாத வேலை. (நன்னிமார்கள் கோபிக்க வேண்டாம்.) பேசாத பிள்ளைக்குத் தண்ணீர், கழிப்பறை, வலி மூன்றுக்கும் பட அட்டை செய்து கொடுங்கள். படம் காட்டப் பழகினால் பேச்சு வராது என்பது வீண் பயம்.

உட்காரப் பழக மக்தப் நல்ல இடம். ஹஜ்ரத்திடம் விவரத்தைச் சொல்லிவிட்டு, முதல் வாரம் ஐந்து நிமிடம் மட்டும் உட்கார வையுங்கள். மாலையில் வண்டி விடாத கடற்கரைச் சாலையில் சீருடை, ஷூ, பையோடு நடத்திப் பாருங்கள். பள்ளி திறக்கும் நாளில்தான் புது ஷூவை முதலில் மாட்டினீர்கள் என்றால், அன்றைய அழுகை முழுதும் அதற்கே.

பேச்சு தாமதமென்றால் முதலில் காது கேட்கும் சோதனை. ஜிப்மரில் காட்டலாம். 2003 முதல் நம் ஊரில் இயங்கும் சத்யா சிறப்புப் பள்ளி போன்ற இடங்களில் பயிற்சி பெறுவதால், வழக்கமான பள்ளியில் சேரும் உரிமை போய்விடாது.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகளில் இப்பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்க்கவும், தேவைக்கேற்ற வசதி செய்யவும் சொல்கிறது. இதற்குச் சதவீதக் கணக்கு கிடையாது. 40 சதவீதம் என்பது 31-ஆம் பிரிவுக்குரியது. அது 6 முதல் 18 வயது வரையிலான இலவசக் கல்வி பற்றியது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் மேலே சொன்ன 16-ஆம் பிரிவு அவர்களுக்கு விலக்கு எதுவும் தரவில்லை. "எங்களுக்கு அந்தச் சட்டம் இல்லை" என்று யாராவது சொன்னால், எந்தச் சட்டம் என்று மரியாதையாகக் கேளுங்கள்.

முதல் இரண்டு வாரம் தினமும் ஒரு மணி நேரம் மட்டும் விடச் சம்மதிப்பார்களா என்றும் பள்ளியில் கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு பக்கத்தை எழுதத் தயக்கமிருந்தால் அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உட்கார்ந்து சேர்ந்தே எழுதுவோம். கேட்பது வெளியே போகாது.