நாற்பத்தொன்பதாவது மணி நேரம்

சாலைகளின் கணக்கு – 11

கொங்குப் பக்கம் விபத்துச் சேதி வந்தால் முதல் கேள்வி ஒன்றுதான்: “உசுருக்கு ஒண்ணும் இல்லீங்களே?” இல்லை என்று பதில் வந்துவிட்டால், கேட்டவர் பெருமூச்சு விட்டுத் தன் சோலியைப் பார்க்கப் போய்விடுவார். குடித்துவிட்டு வண்டி ஓட்டாதே என்கிற போஸ்டர்களும் சாவைக் காட்டியே பயமுறுத்துகின்றன. இருபது வயதுக்காரனுக்குச் சாவு மேல் பயம் கிடையாது. அது அடுத்தவனுக்கு வருவது என்று நினைக்கிற வயசு. பிழைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் அவனுக்கு யாரும் விலாவாரியாகச் சொல்வதில்லை. இந்த வாரம் அதைப் பேசிவிடுவோம்.

தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கியது. சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். உயிரைப் பிடித்து நிறுத்திவிட வேண்டும் என்பது நோக்கம். அது நடக்கவும் செய்கிறது. குடும்பத்தின் கணக்கு தொடங்குவது 49வது மணி நேரத்தில்.

தொங்கிப்போன கை

பைக்கிலிருந்து தூக்கி எறியப்படுகிறவன் பல நேரம் தோள் குத்தி விழுகிறான். தோள் ரோட்டில் மோதி நின்றுவிடும். தலை எதிர்ப்பக்கம் போகும். தண்டுவடத்திலிருந்து கிளம்பும் ஐந்து நரம்பு வேர்கள் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே ஒன்றோடொன்று பின்னிக் கைக்குள் இறங்குகின்றன. அந்த ஒரு இழுப்பில் அவை நீண்டுபோகும், அறுந்துபோகும். அடி பலமாக இருந்தால், மோட்டாரின் டெர்மினல் பெட்டியிலிருந்து ஒயரைப் பிடுங்கியதுபோலத் தண்டுவடத்திலிருந்தே கழன்று வந்துவிடும். கையில் எலும்பு முறிவே இல்லாமல் இருக்கலாம். ஆனால் கை தொங்கும், தூக்க வராது. மருத்துவர்கள் இதை ‘பிரேக்கியல் பிளெக்சஸ்’ காயம் என்கிறார்கள். இதைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சைக்குப் பெயர் பெற்ற இடம் நம்ம கோவை கங்கா மருத்துவமனை.

நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். கழுத்திலிருந்து விரல் வரை ஏறத்தாழ முக்கால் மீட்டர். கணக்குப் போட்டால் இரண்டு வருடம். தசை அவ்வளவு நாள் பொறுத்திருக்காது. ஒன்றரை வருடத்துக்குள் நரம்பு வந்து சேராவிட்டால் வற்றிவிடும். அதனால்தான் விபத்து நடந்து 3 முதல் 6 மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்துவிடப் பார்க்கிறார்கள். அதில் ஒரு வழி, விலா எலும்புகளுக்கு இடையே மூச்சுக்காக ஓடும் நரம்பைத் திருப்பிக் கொண்டுவந்து, முழங்கையை மடக்கும் தசையோடு இணைப்பது. வெற்றி பெற்றாலும் ஆரம்ப மாதங்களில் மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்தால்தான் கை மடங்கும். மூச்சு வேறு, கை வேறு என்று மூளை பழகுவதற்கு மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். ஐந்து வேரும் போனவனுக்கு முழங்கை மடங்கினாலே பெரிய காரியம். சட்டைப் பட்டன் போடும் விரல்கள் பெரும்பாலும் திரும்புவதில்லை.

காலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. எலும்பு வெளியே தெரியும் அளவுக்குச் சிதைந்த காலைக் காப்பாற்ற முடியுமா, எடுத்துவிட வேண்டுமா என்று முடிவெடுக்க, மருத்துவர் எஸ். ராஜசேகரன் குழுவினர் ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கினார்கள். உலகம் அதை ‘கங்கா மதிப்பெண்’ என்றே அறிந்திருக்கிறது. தோல், எலும்பு, தசை என்று ஒவ்வொன்றின் சேதத்துக்கும் மார்க். 14 வரை என்றால் காலைக் காப்பாற்றலாம். 17ஐத் தொட்டால் எடுப்பதே மேல். 15, 16 வந்தால் அனுபவமுள்ள மருத்துவர் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். விபத்துக் காயங்களுக்கென்று உலகத்துக்கே அளவுகோல் கொடுக்கும் அளவுக்கு நம்ம ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுபவம் சேர்ந்திருக்கிறது. இதில் பெருமை எவ்வளவோ, கவலையும் அவ்வளவு.

கொங்கு நாட்டுப் பிழைப்பு இரண்டு கையையும் நம்பிய பிழைப்பு. கணபதி லேத் பட்டறை, சோமனூர் தறி, திருப்பூர் பனியன் கம்பெனியின் ஓவர்லாக் மிஷின், கோவை நகைப் பட்டறை, எங்கே போனாலும் இரு கையாலும் செய்கிற வேலை. டிப்ளமோ முடித்து சிஎன்சி மிஷினுக்கு முன்னால் நிற்க வேண்டியவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால், தோட்டத்துப் பத்திரம் பேங்குக்குப் போகும். அக்காள் கல்யாணம் தள்ளிப்போகும். தலையில் அடிபட்டுத் தப்பியவன் வீட்டில் பாடு வேறு மாதிரி. நடப்பான், சாப்பிடுவான், பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. சுள்ளென்று வரும் கோபமும் மறதியும், “இது என் பையனே இல்லீங்க” என்று அம்மாவைச் சொல்ல வைக்கும்.

ஊதினால் வரும் நம்பர்

அடியே படாமல், செக்கிங்கில் மட்டும் மாட்டியவன் கதை என்ன? மோட்டார் வாகனச் சட்டம் 185வது பிரிவின்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறை 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 15,000 ரூபாய், 2 வருடம் வரை. ஹெல்மெட் கேஸ் மாதிரி ரோட்டிலேயே பணம் கட்டிவிட்டுப் போக முடியாது. கோர்ட்டுக்குப் போக வேண்டும். லைசென்ஸும் முடக்கப்படலாம். பின்னால் உட்கார்ந்து வந்தவனும் தப்பிக்க முடியாது. குற்றத்துக்குத் துணைபோனவரைத் தண்டிக்கும் 188வது பிரிவைக் காட்டி, கூட வருகிறவர்களுக்கும் அபராதம் என்று சென்னைப் போலீஸ் 2022 அக்டோபரில் அறிவித்தது.

“கோர்ட்ல ஃபைன் கட்டியாச்சு, முடிஞ்சது” என்று நினைப்பவர்கள் உண்டு. விபத்தும் சேர்ந்து வழக்கு நிலுவையில் நின்றால் பாஸ்போர்ட் கிடைப்பதே சிக்கலாகும். தமிழ்நாட்டுப் போலீஸ் வேலைக்கான விதிகளோ, சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரைக்கூடக் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே பார்க்கின்றன. கிரவுண்டில் வருடக்கணக்கில் ஓடிப் பழகிய பையனின் கனவு, வெரிஃபிகேஷனுக்கு வரும் அந்த ஒரு தாளில் நின்றுவிடலாம்.

மறுநாள் காலை விஷயம் ஒன்றும் உண்டு. 65 கிலோ எடையுள்ள ஒருவன் ராத்திரி 10 மணிக்கு ஒரு குவார்ட்டர் அடித்தால், ரத்தத்தில் சுமாராக 130 மில்லிகிராமைத் தாண்டும். உடம்பு ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம்தான் கழிக்கும். டீயோ, எலுமிச்சையோ, குளியலோ இதை வேகப்படுத்தாது. நண்பன் கல்யாணத்துக்கு முதல் நாள் மண்டபத்தில் தூங்கிவிட்டு, “தெளிஞ்சிருச்சு” என்று காலை 5 மணிக்கு வண்டியை எடுப்பவன் அப்போதும் சட்ட எல்லைக்கு மேலே இருக்கலாம்.

பாலிசி இருந்தும் பணமில்லை

வண்டி உரிமையாளர் ஓட்டும்போது இறந்தால் 15 லட்சம் ரூபாய் தரும் தனிநபர் விபத்துக் காப்பீட்டில், போதையில் ஓட்டியிருந்தால் பணம் கிடையாது என்ற ஷரத்து இருக்கிறது. வண்டிச் சேதத்துக்கும் அதே கதைதான். ஊதிப் பார்க்காவிட்டாலும், மற்றச் சாட்சியங்களை வைத்துப் போதை என்று முடிவுகட்டலாம் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தன் தப்பால் விழுந்தவனுக்காக விபத்து நஷ்ட ஈட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனாலும் குடும்பம் வெறுங்கையோடுதான் திரும்பும்.

எதிரே வந்தவர் செத்துப்போனால்? மும்பை பாந்த்ரா கார்ட்டர் ரோட்டில் 2006 நவம்பரில், குடித்துவிட்டுக் கார் ஓட்டிய அலிஸ்டர் பெரெய்ரா என்ற இளைஞர் நடைபாதையில் தூங்கிய கூலித் தொழிலாளர்கள் மேல் ஏற்றினார். ஏழு பேர் இறந்தார்கள். கவனக்குறைவு என்று மட்டும் விடாமல், சாவு நேரலாம் என்று தெரிந்தே செய்த காரியம் என்று எடுத்துக்கொண்டு விதித்த 3 வருடச் சிறையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 2012 ஜனவரியில். வேலை, கல்யாணம் என்று போக வேண்டிய ஐந்து வருடம் வாய்தாவிலேயே போயிற்று. இறந்த ஏழு பேரின் குடும்பங்களுக்கு அந்த ஐந்து வருடம் எப்படிப் போனதென்று தீர்ப்பில் தனிப் பக்கம் இருக்காது.

கடையும் தூரமும்

வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கில், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15 அன்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 3,000க்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. அவற்றுக்கு ஊருக்குள் இடம் தேடியபோது பெண்கள் மறித்தார்கள். 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மறியல் செய்த ஒரு பெண்ணைப் போலீஸ் உயரதிகாரி கன்னத்தில் அறைந்த காட்சியை நாடே பார்த்தது. கடை எங்கே இருக்க வேண்டும் என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. குடிக்கப் போனவன் எப்படி வீடு திரும்புவான் என்று கேட்டவர்கள் குறைவு.

கோவையில் இதைக் கேட்காமல் முடியாது. காலேஜ்களும் கம்பெனிகளும் அவிநாசி ரோடு, பொள்ளாச்சி ரோடு, சத்தி ரோடு என்று ஊருக்கு வெளியே மைல்கணக்கில் பரந்து கிடக்கின்றன. ட்ரீட் முடிகிற நேரத்தில் டவுன் பஸ் இருக்காது. பைக்கில் போனவன் பைக்கில்தான் வந்தாக வேண்டும். குடித்த பிறகு யோசித்து முடிவெடுப்பான் என்று எதிர்பார்ப்பது வீண். யோசிக்கிற அறிவைத்தானே சரக்கு முதலில் கெடுக்கிறது! சாயங்காலம் 7 மணிக்கு, தெளிவாக இருக்கும்போது, சாவியை எடுக்கிறானே, முடிவு அங்கேயே ஆகிவிடுகிறது.

ஆகவே பையன்களுக்கு ஒன்று: குடிக்கிற நாளில் வண்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். ட்ரீட் கொடுப்பவன் பில்லோடு சேர்த்து வாடகைக் காருக்கும் காசு ஒதுக்கட்டும். 21 வயது ஆகாதவனுக்குக் கடையில் சரக்கு விற்பதே சட்டப்படி தப்பு என்பதையும் மறக்க வேண்டாம்.

பெற்றோருக்கும் ஒன்று. ராத்திரி 11 மணிக்கு, “அப்பா, குடிச்சிட்டேன், வந்து கூட்டிட்டுப் போங்க” என்று போன் வந்தால் போய்க் கூட்டி வாருங்கள். திட்டுவதைக் காலையில் வைத்துக்கொள்ளலாம். அன்றைக்கே திட்டினால், அடுத்த முறை அவன் போன் போட மாட்டான். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

அடுத்த வாரம்: நீலாம்பூர் – மதுக்கரை பைபாஸ்.

(தொடரும்)