அசைவும் அமைதியும்

நுழையும்முன்

பயணம் இயக்கத்தால் ஆனது, ஒளிப்படமோ அசையாதது. ஓடும் நீரையும் பறக்கும் பறவையையும் நடக்கும் மனிதரையும் அசையாத சட்டமொன்றினுள் கொண்டுவருவது எவ்வாறு? பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் காட்சிகளின் வழியாக அக்கலையின் அடிப்படைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

மறைந்தோரும் நின்றோரும்

1838ஆம் ஆண்டு பிரான்சு நாட்டைச் சேர்ந்த லூயி தாகேர், பாரிசு நகரின் தெருவொன்றைப் படம்பிடித்தார். மக்களும் வண்டிகளும் இடையறாது செல்லும் தெரு அது. ஆயினும், படத்தில் அது வெறிச்சோடிக் கிடந்தது. அக்காலத் தகட்டில் காட்சி பதிவதற்குப் பல நிமிடங்கள் தேவைப்பட்டமையால் நகர்ந்துகொண்டிருந்தோர் பதியவில்லை. காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள ஓரிடத்தில் நின்ற ஒருவரின் உருவமே தெளிவாகப் பதிந்தது.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1878இல் அமெரிக்காவில் எட்வர்டு மைபிரிட்ஜ் என்பவர் 12 படக்கருவிகளை வரிசையாக நிறுத்தி, ஓடும் குதிரையைப் படமெடுத்தார். குதிரையின் நான்கு கால்களும் ஒருசேர நிலத்தைவிட்டு உயரும் கணம் அதில் பதிவாயிற்று. கண்ணுக்கு எட்டாத அக்கணத்தைக் கருவி காட்டியது. முதற்படம் இயக்கத்தை அழித்தது. பிற்படம் இயக்கத்தை உறையவைத்தது. இவ்விரு எல்லைகளுக்கும் இடையேதான் பயண ஒளிப்படக்கலைஞர் தமக்குரிய வழியைத் தேர்கிறார்.

நொடியின் கணக்கு

படக்கருவியின் உள்ளே ஒளியைத் திறந்து மூடும் அமைப்பு ஷட்டர் எனப்படும். அது திறந்திருக்கும் நேரமே இயக்கம் பதியும் விதத்தை முடிவு செய்கிறது. பெரம்பலூர் வழியாகச் செல்லும் சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் பேருந்தொன்று மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில் செல்வதாகக் கொள்வோம். அது நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஷட்டர் 1/1000 நொடி திறந்திருந்தால் அதற்குள் பேருந்து நகரும் தொலைவு 2 சென்டிமீட்டருக்கும் குறைவு. எனவே, அது நின்றுகொண்டிருப்பது போலத் தோன்றும். 1/30 நொடி திறந்திருந்தால் அரை மீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடும். அதன் உருவம் இழுபட்டுப் பதியும்.

மூன்றாவது வழியும் உண்டு. சாலையைவிட்டு விலகிப் பாதுகாப்பான இடத்தில் நின்று, மிதிவண்டியில் செல்பவரைப் பின்தொடர்ந்து அவர் செல்லும் விரைவிலேயே கருவியைத் திருப்பியவாறு 1/30 நொடியில் படமெடுத்தல் வேண்டும். அப்போது அவர் ஓரளவு தெளிவாகவும், பின்னாலுள்ள மரங்கள் கோடுகளாகவும் பதிவர். விரைவு கண்ணுக்குப் புலனாகும்.

அசையாததன் துணை

கும்பகோணத்திலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் செல்லும் வழியில், கொள்ளிடத்தின் குறுக்கே அமைந்தது அணைக்கரை. ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய கீழணை இங்குள்ளது. ஆற்றில் நீர் வரும் காலத்தில் கருவியை முக்காலியில் பொருத்தி, ஒரு நொடி ஷட்டரைத் திறந்துவைத்தால் நீர் வெண்பட்டு விரித்தாற்போல் பதியும். நீரை மட்டும் எடுத்தால் அது வெறும் வெண்மையாகவே எஞ்சும். அணையின் தூண்கள் சட்டத்தினுள் வரும்போதுதான் அவ்வெண்மை ஓடும் நீராகிறது. நிற்பதொன்று அருகில் இருந்தாலன்றி ஓடுவது ஓடுவதாகத் தோன்றாது. அசைவும் அமைதியும் ஒன்றையொன்று விளக்கி நிற்கும் இவ்வுறவே ஒத்திசைவு ஆகும்.

பெரம்பலூர் மாவட்டத்தின் காரைப் பகுதியில் இவ்வுறவு வேறு வடிவில் அமைகிறது. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலின் அடித்தளமாக இருந்த நிலம் அது. மழைநீர் அரித்த ஓடைகளும் முகடுகளும் அங்கு அலையலையாய் விரிகின்றன. உச்சிவேளையில் தட்டையாகத் தோன்றும் அந்நிலம், காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் ஒளியில் வரிவரியாக எழுகிறது. நீர் இல்லாதபோதும் நீர் சென்ற தடம் படத்தில் இயக்கமாகிறது.

கல்லில் ஒரு கணம்

முதலாம் இராசேந்திர சோழன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம் கோயில் அரியலூர் மாவட்டத்தின் பெருமை. தஞ்சை விமானம் நேர்கோடுகளால் உயர, இங்குள்ள விமானம் உள்வளைந்த கோடுகளால் உயர்கிறது. அவ்வளைவு பார்ப்பவர் கண்ணைத் தானாகவே மேலே அழைத்துச் செல்கிறது. கோயிலின் வடபுறத்தில் சண்டேசருக்குச் சிவபெருமான் மலர்மாலை சூட்டும் சிற்பம் உள்ளது. மாலையைத் தலையில் சுற்றிக்கொண்டிருக்கும் கணத்தைச் சிற்பி தேர்ந்துள்ளார். செயல் முடிவுறாததால் கைகள் இன்றும் இயங்குவன போலத் தோன்றுகின்றன. பிரெஞ்சு ஒளிப்படக்கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரசோன் 1952இல் வெளியிட்ட நூலின் ஆங்கிலத் தலைப்பு 'தீர்மானிக்கும் கணம்' எனப் பொருள்படும். அத்தகைய கணத்தைத் தேரும் கலையைச் சோழர்காலச் சிற்பி 11ஆம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தார்.

அக்கோயில் வளாகத்தில் நடந்துசெல்பவரைப் படமெடுக்கும்போது, அவருக்குப் பின்னால் உள்ளதைவிட முன்னால் அதிக இடம் விடுதல் நன்று. செல்வதற்கு வழியிருந்தால்தான் அவர் செல்வதாகத் தோன்றும்.

தெரியுமா?

கைப்பேசிகள் பெரும்பாலும் ஒளியின் அளவிற்கேற்ப ஷட்டர் நேரத்தைத் தாமே தேர்ந்துகொள்கின்றன. ஒளி குறைந்தால் அந்நேரம் நீளும். மாலையில் எடுக்கும் படங்கள் கலங்கித் தோன்ற இதுவே பெரிதும் காரணம்.

சட்டத்திற்கு வெளியே

அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி பறவைகள் சரணாலயம் 2024இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் இங்குத் தங்குகின்றன. நீரில் மிதக்கும் கூட்டம் ஒருசேர எழுந்து பறக்கும் காட்சி எவரையும் ஈர்க்கும். அதற்காகக் கைதட்டியும் கல்லெறிந்தும் பறவைகளை எழுப்புவோர் உண்டு. நெடுந்தொலைவு பறந்து வந்த உயிர்களுக்கு இரையும் ஓய்வும் இன்றியமையாதன. அஞ்சி எழும் ஒவ்வொரு முறையும் அவை திரும்பிச் செல்லும் பயணத்திற்குச் சேர்க்க வேண்டிய ஆற்றலை இழக்கின்றன. பறவை தானே எழும் வரை காத்திருப்பவருக்குச் சில நாள் படம் கிட்டாமலும் போகலாம். பறவைக்குத் தீங்கு நேராது.

வயலில் நாற்று நடுவோரும் சின்ன வெங்காயம் அறுவடை செய்வோரும் இவ்வாறே மதிக்கப்பட வேண்டியவர்கள். அவர்தம் கைகளின் இயக்கம் அழகியது. அது அவர்களுடைய உழைப்பும் ஆகும். இசைவு பெற்றபின் கருவியை உயர்த்துவதே முறை. காட்சிக்கு உரியோரின் அமைதியைக் குலைத்துப் பெற்ற படத்தில் கோடுகளும் ஒளியும் எவ்வளவு பொருந்தியிருப்பினும், ஒத்திசைவு குறைவுபட்டதே. பயணி வந்து சென்றபின்னும் அவ்விடம் முன்பிருந்தவாறே இயங்குதல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் அசைவும் அமைதியும் ஒருங்கே அமைந்த காட்சி ஒன்றைத் தேர்ந்து, அதனை எவ்வாறு படமெடுப்பீர்கள் என ஒரு பத்தியில் எழுதுக.

2. 'நல்ல படத்திற்காகப் பறவைகளை எழுப்பலாமா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.