சிறையின் விடுகைப் பத்திரம்

ஒருவன் குற்றஞ் செய்கிறான், பிடிபடுகிறான், நீதிமன்றம் அவனுக்கு இத்தனை மாதம் என்று மறியல் விதிக்கிறது. அத்தனை மாதமும் கழிந்தபின் சிறைவாயில் திறக்கப்படுகின்றது. அவன் வெளியே வருகிறான். கணக்கு அத்துடன் தீர்ந்துவிட்டதா? கடன்பட்டவன் கடனை அடைத்ததும் அவன் எழுதிக் கொடுத்த உறுதி அவன் கைக்கே மீள்கிறது. அதன்பின் அவனை வழிமறித்துக் கேட்க எவருக்கும் உரிமையில்லை. சட்டத்துக்குப் பட்ட கடனைச் சிறையிலே கழித்துத் தீர்த்தவனுக்கு இத்தகைய உறுதி ஏதேனும் மீள்கின்றதா?

இக்கேள்வியைத் தமது கல்வி வாழ்வின் நடுப்பொருளாகக் கொண்டவர் டீவா பேஜர் என்னும் அமெரிக்கச் சமூகவியற் பேராசிரியை. 1972 ஆம் ஆண்டு ஹவாய்த் தீவுகளிலுள்ள ஹொனலூலு நகரிற் பிறந்த இவர், கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்திற் கலைமாணிப் பட்டம் பெற்றார். பின்னர் தென்னாபிரிக்காவின் கேப்டவுன் பல்கலைக்கழகத்திலும் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்திலும் முதுமாணிப் பட்டங்களும், 2002 ஆம் ஆண்டு விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டமும் பெற்றார். மாணவியாயிருந்த காலத்தில் வீடற்ற ஆண்களுக்கு உதவும் தொண்டில் ஈடுபட்டிருந்தபோது, அவர்களுட் பலர் சிறைக்குச் சென்று மீண்டவர்கள் என்பதைக் கண்டார். வேலை தேடி அலைந்த அவர்களை, வேலை கொள்வோர் எவரும் ஏற்கவில்லை. அந்த மனிதரிடமிருந்தே அவருடைய ஆராய்ச்சி பிறந்தது.

சிறையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை கிடைப்பது அரிது என்பது அதற்கு முன்பும் அறியப்பட்டதே. அதற்குக் காரணம் சிறைதானா என்பதிலேயே அறிஞரிடையே தெளிவில்லை. சிறைக்குச் செல்பவர்களிற் பலர் கல்வி குறைந்தவர்கள், தொழிற்பயிற்சி இல்லாதவர்கள். சிறைக்குச் செல்லாதிருந்தாலும் அவர்களுக்கு வேலை கிடைத்திராது என்று ஒருவர் வாதிடலாம். புள்ளிவிபரங்களை மாத்திரம் வைத்துக்கொண்டு இவ்வாதத்துக்கு விடை காண முடியாது. மற்றெல்லாவற்றிலும் ஒத்த இருவரை நிறுத்தி, ஒருவனிடம் மட்டும் சிறைவாசம் என்னும் வடுவை வைத்துப் பார்த்தாற்றான் உண்மை புலப்படும். பேஜர் அம்மையார் அதனையே செய்து பார்த்தார்.

2001 ஆம் ஆண்டு மில்வோக்கி நகரிற் சோதனை நடைபெற்றது. இருபத்துமூன்று வயதினரான நான்கு மாணவர்கள் தெரிந்தெடுக்கப்பட்டனர். இருவர் வெள்ளையர், இருவர் கறுப்பர். வெள்ளையர் இருவரும் ஒரு சோடி. கறுப்பர் இருவரும் ஒரு சோடி. ஒரே தரமான கல்வி, ஒரே தரமான அனுபவம் என்று அவர்களுக்கு விண்ணப்பங்கள் தயாரிக்கப்பட்டன. ஒவ்வொரு சோடியிலும் ஒருவன், போதைமருந்துக் குற்றத்துக்காகப் பதினெட்டு மாதஞ் சிறையிலிருந்தவன் என்று தன்னைக் காட்டிக்கொள்ளவேண்டும். யார் அவ்வாறு காட்டிக்கொள்வது என்பது வாரந்தோறும் மாறிவந்தது. ஒருவனுடைய முகவெட்டோ பேச்சுச் சாதுரியமோ முடிவைத் திரிக்காதிருப்பதற்காகவே இவ்வேற்பாடு. வெள்ளையர் சோடி 150 இடங்களுக்கும் கறுப்பர் சோடி 200 இடங்களுக்கும் நேரிற் சென்று விண்ணப்பித்தன. உணவகம், பண்டகசாலை, கடை என்பன போன்ற, உயர்கல்வி வேண்டாத வேலைகளே அவை. விண்ணப்பித்தவனை வேலை கொள்வோர் மீண்டும் அழைக்கிறார்களா என்பது மட்டுமே கணக்கிடப்பட்டது.

சிறைக்குச் செல்லாத வெள்ளையரை நூற்றுக்கு 34 இடங்கள் திரும்ப அழைத்தன. சிறை சென்றவர் என்று சொன்ன வெள்ளையரை அழைத்தவை நூற்றுக்கு 17. சரிபாதி குறைந்துவிட்டது. சிறைக்குச் செல்லாத கறுப்பரை அழைத்தவை நூற்றுக்கு 14. சிறை சென்ற கறுப்பரை அழைத்தவை நூற்றுக்கு 5. இவ்வெண்களிற் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. ஒரு குற்றமும் செய்யாத கறுப்பு இளைஞனின் வாய்ப்பு, சிறையிலிருந்து வந்த வெள்ளை இளைஞனின் வாய்ப்பிலும் குறைவாயிருந்தது. கறுப்பனொருவன் தோலின் நிறத்தினாலேயே சிறை சென்றவனுக்கும் கீழாக மதிக்கப்பட்டான்; மெய்யாகவே சிறை சென்றிருந்தால் அவனுக்குத் திறந்த கதவுகள் நூற்றுக்கு ஐந்து மட்டுமே. 2003 ஆம் ஆண்டு வெளிவந்த இம்முடிவு அறிஞர் உலகை உலுக்கியது. 2007 ஆம் ஆண்டில் இது நூலாகவும் விரிந்தது.

இம்முடிவுக்குப் பேஜர் தந்த விளக்கம் சிந்திக்கத்தக்கது. பாடசாலை ஒரு மாணவனுக்குச் சான்றிதழ் வழங்குகிறது. அவனை முன்பின் அறியாதவரும் அந்தச் சான்றிதழைக் கண்டு அவனை நம்புகிறார்கள். அரசாங்கத்தின் முத்திரைக்குள்ள வலிமை அது. சிறையும் அவ்வாறே ஒரு சான்றிதழ் வழங்குகிறது. ஆயின் அது எதிர்மறைச் சான்றிதழ். பாடசாலையின் விடுகைப் பத்திரம் கதவுகளைத் திறக்கின்றது. சிறையின் விடுகைப் பத்திரமோ அவற்றை மூடுகின்றது. இரண்டையும் வழங்குவது ஒரே அரசு. ஆகவே, சிறை சென்றவனை ஒதுக்குவது தனிமனிதரின் வெறுப்பு மட்டுமன்று. அரசு குத்திய முத்திரையைப் பலரும் வாசிக்கிறார்கள் என்பதே அவர் கருத்து.

அம்மையார் அத்துடன் நிற்கவில்லை. அதே நகரத்து வேலை கொள்வோரிடம், சிறை சென்ற ஒருவனை வேலைக்கு எடுப்பீர்களா என்று பின்னர் தொலைபேசி மூலம் விசாரிக்கப்பட்டது. எடுப்போம் என்று தாராளமாகச் சொன்னவர்கள் பலர். லிங்கன் குயிலியன் என்னும் அறிஞருடன் சேர்ந்து 2005 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரை, அச்சொல்லையும் முந்திய சோதனையிற் கண்ட செயலையும் ஒப்புநோக்கியது. எடுப்போம் என்றவர்கள், மாட்டோம் என்றவர்களிலும் கூடுதலாக எடுத்தார்களில்லை. வஞ்சகமே இதற்குக் காரணமென்று கொள்ளவேண்டியதில்லை. பொதுப்படக் கேட்கும்போது இரங்கும் மனம், ஆளொருவன் வாயிலில் வந்து நிற்கும்போது அஞ்சுகிறது.

2004 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரிலே, புறூஸ் வெஸ்ரேண் முதலியோருடன் சேர்ந்து அவர் மீண்டுஞ் சோதித்தார். அங்கும், சிறையிலிருந்து அண்மையில் வந்த வெள்ளையரிலும் குற்றமற்ற கறுப்பர் மேலாக நடத்தப்படவில்லை. ஆயினும், நம்பிக்கை தரும் செய்தியொன்றும் அங்கே கிடைத்தது. வேலை கொள்வோரோடு முகத்துக்கு முகம் நின்று பேச வாய்ப்புப் பெற்றவனுக்குச் சிறைவடுவினால் வந்த இழப்புக் குறைந்திருந்தது. படிவத்திலே குற்றவாளியாய்த் தோன்றுபவன், பேச்சிலே மனிதனாய்த் தோன்றுகிறான்.

அக்காலத்தில் அமெரிக்க அரசியலும் இப்பிரச்சினையைக் கவனிக்கத் தொடங்கியிருந்தது. அவ்வாண்டில் ஏறக்குறைய ஆறு இலட்சம் பேர் சிறைகளிலிருந்து விடுதலையாவர் என்று 2004 ஆம் ஆண்டு சனவரி மாத உரையிற் கூறிய சனாதிபதி ஜோர்ஜ் புஷ், அவர்களை மீண்டும் சமூகத்தில் நிலைநிறுத்த 30 கோடி டொலர் செலவிலான திட்டமொன்றை முன்மொழிந்தார். 2008 ஆம் ஆண்டில் ‘இரண்டாம் வாய்ப்புச் சட்டம்’ நிறைவேறியது. வேலை விண்ணப்பப் படிவத்தின் தொடக்கத்திலேயே சிறைவாசத்தைப் பற்றி வினவுவதைத் தடுக்கும் சட்டங்களும் மாநிலந்தோறும் பரவின. அவற்றுக்கு 1998 ஆம் ஆண்டில் வழிகாட்டியது, பேஜர் பிறந்த ஹவாய் மாநிலமே.

ஆயினும், வினாவை நீக்கினால் வடு மறைந்துவிடுமா? நியூ ஜேர்சியிலும் நியூயோர்க் நகரிலும் இவ்வாறான சட்டம் வந்தபின் நிகழ்ந்ததை அமண்டா ஏகன், சொன்யா ஸ்ரார் என்னும் இருவர் ஆராய்ந்தனர். 2018 ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்களுடைய ஆய்வின்படி, வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் கிடைத்த அழைப்புகளின் இடைவெளி முன்னிலும் விரிந்தது. உண்மையை அறிய வழியில்லாதபோது, வேலை கொள்வோர் கறுப்பரையெல்லாம் சிறை சென்றவர்களாக ஊகித்தனர் போலும். படிவத்திலிருந்து அழிக்கப்பட்ட கேள்வி மனத்திலிருந்து அழியவில்லை.

வேலைக்கு அப்பால் வாக்கு என்னும் பெரும் பொருள் நிற்கின்றது. மேயின், வேர்மொன்ட் ஆகிய இரு மாநிலங்களிற் சிறையிலிருப்பவர்களும் வாக்களிக்கலாம். வேறு பல மாநிலங்களிலோ வாக்குரிமை சிறைவாயிலோடு திரும்புவதில்லை. புளோரிடா மாநில மக்கள் 2018 ஆம் ஆண்டு நவம்பர் 6 ஆந் திகதி, தண்டனையை முடித்த பெரும்பாலானோருக்கு வாக்குரிமையை மீட்டளிக்கும் திருத்தத்தை ஏற்றனர். ஏறக்குறைய 14 இலட்சம் பேர் அதனாற் பயனடைவர் எனக் கணிக்கப்பட்டது. புற்றுநோய்க்கு ஆளாகியிருந்த பேஜர் அதற்கு நான்கு நாட்களுக்கு முன்னரே தமது 46 ஆவது வயதிற் காலமாகிவிட்டார். மறு ஆண்டிலேயே அம்மாநிலச் சட்டசபை, நீதிமன்றக் கட்டணங்களையும் தண்டப்பணத்தையும் செலுத்தி முடித்தாலன்றித் தண்டனை முடிந்ததாகாது என்று விதித்தது. ஏழையின் பிரசாவுரிமைக்கு ஒரு விலை குறிக்கப்பட்டது.

தற்செயலாக, பேஜர் தொடங்கிவைத்துச் சென்ற இறுதி ஆய்வும் இக்கட்டணங்களைப் பற்றியதே. ஒக்லஹோமா மாவட்டமொன்றிற் சிறு குற்றஞ் சாட்டப்பட்டோரிற் சிலருக்குக் கட்டணப் பாக்கி தீர்க்கப்பட்டது, ஏனையோருக்குத் தீர்க்கப்படவில்லை. அவருடைய தோழர்கள் 2022 ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு இது: கட்டணம் தீர்க்கப்பட்டதாற் புதிய குற்றங்கள் பெருகவில்லை, தீர்க்கப்படாதவர்கள்மீதே பிடியாணைகளும் கடன் வசூல் நடவடிக்கைகளும் தொடர்ந்தன.

இவற்றையெல்லாம் ஒருங்குசேர நோக்கிய சிக்காகோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் றூபன் மில்லர், போறஸ்ற் ஸ்ருவேட் என்பவருடன் சேர்ந்து 2017 ஆம் ஆண்டில் இந்நிலைக்கு ஒரு பெயரிட்டார். ‘சிறைப் பிரசாவுரிமை’ என்பது அதன் பொருள். சிறை மீண்டவன் பிரசாவுரிமையை முற்றாக இழந்தவனல்லன்; அவனுக்கென்றே வேறு சட்டங்கள், வேறு கடமைகள், வேறு தடைகள் வகுக்கப்பட்ட தனியானதொரு பிரசாவுரிமைக்குள் வாழ்கிறான் என்பது அவர்களுடைய கருத்து.

நீதிமன்றம் விதிக்கும் தண்டனைக்கு எல்லையுண்டு. பதினெட்டு மாதம் என்றால் பதினெட்டு மாதந்தான். அதன்பின் ஊரார் விதிக்கும் தண்டனைக்குத் தவணையில்லை, மேன்முறையீடுமில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்த இரண்டாந் தண்டனையை அளந்து, நூற்றுக்கு இத்தனை என்று உலகின் முன் வைத்ததே டீவா பேஜரின் கல்வி வாழ்வின் பயன். ஒருவனுக்குப் பிரசாவுரிமையை மீட்டுக்கொடுக்கும் சட்டம் மன்றங்களிலே இயற்றப்படலாம். அது மெய்யாகவே மீள்வது, வேலை கேட்டு வந்து நிற்பவனை இருக்கச் சொல்லி, அவன் சொல்வதைக் கேட்கும் ஒரு கடைக்காரரின் முன்னிலையிலேதான்.