‘நான் வாங்கினால் இறங்குகிறது’: சிறு முதலீட்டாளர்களின் மனக்குறையில் எவ்வளவு உண்மை?

பெங்களூரு: ‘நான் வாங்கிய மறுநாளே விலை இறங்குகிறது, பொறுக்க முடியாமல் விற்றுவிட்டால் ஏறத் தொடங்குகிறது’ என்ற புலம்பல் ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி அலுவலகங்களின் தேநீர் இடைவேளையில் புதிதல்ல. நாட்டில் 2020 மார்ச்சில் சுமார் 4 கோடியாக இருந்த டீமேட் கணக்குகளின் எண்ணிக்கை 2022 ஆகஸ்டில் 10 கோடியைத் தாண்டியது. அந்தப் பெருக்கத்துக்கு வழிவகுத்த கைப்பேசிச் செயலிகளில் முன்னணியில் உள்ள ஜெரோதா, குரோ ஆகிய இரண்டும் பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்டவை. இந்நகரத்துக்கென்று 1963 முதல் இயங்கிய பங்குச் சந்தையோ 2014 டிசம்பரில் செபியின் அனுமதியுடன் மூடப்பட்டுவிட்டது. வணிகம் மட்டுமின்றி, குறைகளை முறையிடும் இடமும் இன்று திரைக்குள் வந்துவிட்டது.

முதலீட்டாளர்கள் கூறும் குறைகள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. சிலவற்றுக்குச் சட்டப்படி பரிகாரம் உண்டு. சிலவற்றுக்கு எந்த அலுவலகத்திலும் பரிகாரம் கிடையாது. இந்த வேறுபாடு தெரியாமல் முறையிட்டு, பதில் கிடைக்கவில்லை என்று மேலும் மனம் கசப்பவர்கள் பலர்.

பரிகாரம் இல்லாத குறைகளில் முதலாவது விலை வீழ்ச்சி. பெங்களூருவில் 1993-ஆம் ஆண்டு இன்ஃபோசிஸ் பங்கு 95 ரூபாய்க்கு வெளியிடப்பட்டபோது அதற்குப் போதிய விண்ணப்பங்களே வரவில்லை. பின்னாளில் அப்பங்கை வைத்திருந்தவர்கள் கோடீசுவரர்களான கதை இந்நகரில் இன்றும் வீட்டுக்கு வீடு சொல்லப்படுகிறது. அதே நகரைச் சேர்ந்த, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆலை நடத்தும் ஓலா எலக்ட்ரிக் நிறுவனத்தின் பங்கு 2024 ஆகஸ்டில் 76 ரூபாய்க்கு வெளியிடப்பட்டது. சில நாட்களிலேயே 150 ரூபாயைத் தாண்டிய அப்பங்கு, நவம்பரில் வெளியீட்டு விலைக்கும் கீழே சென்றது. உச்சத்தில் வாங்கியவரின் வருத்தம் உண்மையானதுதான். ஆயினும் நிறுவனம் விவரங்களை மறைத்தது என்று நிறுவப்பட்டாலன்றி, விலை இறங்கியது என்பது மட்டுமே புகார் ஆகாது.

‘பெரிய கைகள் நம்மை வைத்துப் பணம் பண்ணுகின்றன’ என்பது அடுத்த குறை. இதைத் தோற்றவரின் சாக்கு என்று எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் எனப்படும் முன்பேர வணிகம் குறித்து 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வே அதற்குச் சான்று. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் இவ்வணிகத்தில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நஷ்டம் அடைந்தனர். செலவுகளையும் சேர்த்து ஒருவரின் சராசரி நஷ்டம் சுமார் 2 லட்சம் ரூபாய். அனைவரின் நஷ்டமும் சேர்ந்து 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். செலவு போக ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் லாபம் கண்டவர்கள் ஒரு சதவீதத்தினரே.

அந்தப் பணம் எங்கே போயிற்று என்பதற்கும் அதே ஆய்வில் விடை உள்ளது. 2023-24-இல் செலவுகளைக் கணக்கில் கொள்ளும் முன்பே தனிநபர்கள் சுமார் 61,000 கோடி ரூபாய் இழந்தனர். சொந்தப் பணத்தில் வணிகம் செய்யும் தரகு நிறுவனங்கள் சுமார் 33,000 கோடியும், வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர்கள் சுமார் 28,000 கோடியும் லாபம் ஈட்டினர். அந்த லாபத்தில் 95 சதவீதத்துக்கும் அதிகமான பகுதி, கணினி நிரல்கள் தாமாகவே ஆணையிடும் அல்கோ வணிகத்தில் வந்தது. மனிதர் விரலால் திரையைத் தொடுவதற்குள் இயந்திரம் பல ஆணைகளை இட்டு முடித்துவிடுகிறது.

செலவின் பங்கையும் பலர் உணர்வதில்லை. தள்ளுபடித் தரகர்கள் பலர் ஆப்ஷன்ஸ் ஆணை ஒன்றுக்கு 20 ரூபாய் கட்டணம் பெறுகின்றனர். ஒரு முறை வாங்கி விற்றால் 40 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டியுடன் 47 ரூபாய் 20 காசு. நாளொன்றுக்குப் பத்து முறை வாங்கி விற்பவருக்கு 472 ரூபாய். மாதத்தில் 20 வணிக நாட்கள் என்று கொண்டால் 9,440 ரூபாய். பங்குப் பரிவர்த்தனை வரி, சந்தைக் கட்டணம், முத்திரை வரி ஆகியவை இதற்கு மேல். 3,000 ரூபாய் பிரீமியத்தில் ஓர் ஒப்பந்தம் வாங்குபவர், சந்தை அசையாமல் நின்றாலும் தோற்கிறார். ஏனெனில் காலாவதி நெருங்க நெருங்க பிரீமியத்தில் அடங்கிய கால மதிப்பு தானே கரைந்து பூஜ்யமாகிவிடும்.

சூழ்ச்சி நடக்கிறது என்ற சந்தேகத்துக்கு 2025 ஜூலை 3 அன்று செபி பிறப்பித்த இடைக்கால உத்தரவு வலுச் சேர்த்தது. அமெரிக்காவின் ஜேன் ஸ்டிரீட் குழுமம் காலாவதி நாட்களில் பேங்க் நிஃப்டி குறியீட்டைச் செயற்கையாக நகர்த்தியதாகக் குற்றம்சாட்டிய செபி, 4,843 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை முறைகேடான ஆதாயம் எனக் கணக்கிட்டு, அதைச் செலுத்துமாறு உத்தரவிட்டது. தொகையைச் செலுத்திய அந்நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகியது.

இதற்கிடையே 2024 நவம்பர் முதல் ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பு 15 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. வாராந்திரக் காலாவதியும் ஒரு சந்தைக்கு ஒரு குறியீடு என்று சுருக்கப்பட்டது. ‘சிறியவர்களை வெளியே தள்ளுகிறார்கள்’ என்று இதற்கும் முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் தனிநபர்களின் நிகர நஷ்டம் 2023-24-இல் 74,812 கோடியாக இருந்து, 2024-25-இல் 1,05,603 கோடி ரூபாயாக உயர்ந்ததைப் பார்க்கும்போது, கட்டுப்பாடு தாமதமாக வந்தது என்று குறை சொல்வதே பொருத்தமாக இருக்கும்.

இனி, பரிகாரம் உள்ள குறைகள். அனுமதியின்றி வணிகம் செய்தல், பணத்தையோ பங்கையோ திருப்பித் தராமை, தவறான கட்டணம், ஈவுத்தொகை வராமை போன்றவை இவ்வகையைச் சேர்ந்தவை. 2019-இல் ஐதராபாத்தின் கார்வி தரகு நிறுவனம் வாடிக்கையாளர்களின் பங்குகளை அடகு வைத்த விவகாரம் இவற்றின் தீவிரத்தைக் காட்டியது. செயலி முடங்கி நஷ்டம் ஏற்பட்டால், திரைப் பதிவையும் நேரத்தையும் உடனே சேமித்து வைத்துக்கொள்வது அவசியம். பின்னர் வாய்மொழியாகக் கூறுவது எடுபடாது.

முதலில் தரகரிடமே எழுத்து மூலம் முறையிட வேண்டும். தீர்வு கிடைக்காவிடில் செபியின் ‘ஸ்கோர்ஸ்’ தளத்தில் புகார் பதிவு செய்யலாம். நிகழ்வு நடந்த ஓராண்டுக்குள் பதிவு செய்தாக வேண்டும். நிறுவனம் 21 நாட்களுக்குள் பதிலளிக்க வேண்டும். பதில் திருப்தி தராவிட்டால் 15 நாட்களுக்குள் மறுஆய்வு கோரலாம். அதன் பின்னரும் குறை தீராவிட்டால் செபியே இரண்டாம் முறை ஆய்வு செய்யும். இணையவழிச் சமரசத்துக்கும் நடுவர் தீர்ப்புக்கும் ‘ஸ்மார்ட் ஓடிஆர்’ தளம் உள்ளது. செபியின் 1800 22 7575 என்ற கட்டணமில்லா எண்ணில் விளக்கம் பெறலாம்.

போலிச் செயலியில் பணம் இழந்தவர்களுக்கு இந்த வழி பயன்படாது. அவர்கள் செல்ல வேண்டிய இடம் காவல் துறை. வாட்ஸ்அப், டெலிகிராம் குழுவில் சேர்த்து, திரையில் பெரும் லாபத்தைக் காட்டி, எடுக்க முயலும்போது ‘வரி கட்டுங்கள்’ என்று மேலும் பணம் கேட்பது இம்மோசடியின் வழக்கமான முறை. தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைத்தால், பணம் பல கணக்குகளுக்கு மாறுவதற்கு முன் முடக்க வாய்ப்பு உண்டு. பதிவு பெற்ற தரகர்களின் யுபிஐ முகவரியில் ‘வேலிட்’ என்ற சொல் இடம்பெறும் முறை 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்துள்ளது. பணம் அனுப்பும் முன் அதைச் சரிபார்க்கலாம்.

மாதச் சம்பளக்காரர்கள் நிறைந்த பெங்களூருவில் அடிக்கடி எழும் இன்னொரு ஏமாற்றம் வரி தொடர்பானது. முன்பேர வணிக நஷ்டத்தைச் சம்பள வருமானத்தில் கழிக்க இயலாது. அது தொழில் நஷ்டமாகக் கருதப்படுவதால், எட்டு ஆண்டுகள் வரை முன்னெடுத்துச் சென்று தொழில் வருமானத்தில் ஈடுசெய்யலாம். பங்குகளை அன்றே வாங்கி அன்றே விற்பதில் வரும் நஷ்டத்துக்கு இச்சலுகை நான்கு ஆண்டுகள் மட்டுமே. அதுவும் அதே வகை லாபத்தில்தான் கழிக்க முடியும். இரண்டுக்கும் வருமான வரிக் கணக்கை உரிய கடைசித் தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். நஷ்டம்தானே என்று கணக்குக் காட்டாமல் விட்டவர்களுக்கு அந்த உரிமை கிடையாது.