குடி தாயிடம், முதலெழுத்து தகப்பனிடம்

வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு பலநாள் போட் கரை பிடித்ததும், மீன் விற்ற கையோடு கணக்குப் பார்ப்பார்கள். டீசல், ஐஸ், தண்ணீர், சாப்பாட்டுச் சாமான் எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிச்சத்தைப் பங்கு போட வேண்டும். எங்கள் உறவுக்காரர் ஒருவரின் போட்டில் முதலாளிக்குப் பாதி, கடலுக்குப் போனவர்களுக்குப் பாதி. இந்தக் கணக்குக்காக என் மருமகன் ஜாவா மொழியில் ஒரு செய்நிரல் எழுதி வைத்திருந்தான். பிறகு பைதன் படித்தான். பழையதை உட்கார்ந்து திருப்பி எழுதப் பஞ்சிப்பட்டு, இணையத்தில் கிடைத்த மொழிமாற்றி ஒன்றுக்குள் போட்டான். ஒரு நிமிடத்தில் முழுச் செய்நிரலும் பைதனில் வந்தது, ஓடவும் செய்தது. இரண்டு மாதம் கழித்து மடிக்கணினியோடு வந்து நின்றான்.

"மாமா, பிழை ஒண்டும் காட்டல்ல. ஆனா கணக்கு ஒரு ரூபா இடிக்குது. எல்லா முறையும் இல்ல, நட்டப்பட்ட தொழிலுக்கு மட்டும்."

"நட்டத்துக்கு மட்டுமா மகன்? அப்ப வகுத்தலப் பாரு."

ஏழு ரூபாயை இரண்டு பேருக்குச் சில்லறை இல்லாமல் பங்கிட்டால் ஆளுக்கு மூன்று, மீதி ஒன்று. இதில் ஜாவாவுக்கும் பைதனுக்கும் பிணக்கில்லை. ஏழு ரூபாய் நட்டமென்றால்தான் இரண்டும் பிரிகின்றன. முழுவெண் வகுத்தலில் ஜாவா பூச்சியத்தை நோக்கி நகரும். ஆகவே விடை -3, மீதி -1. பைதன் எப்போதும் கீழ்நோக்கி இறங்கும். அதன் விடை -4, மீதி +1. இரண்டிலும் விடையை இரண்டால் பெருக்கி மீதியைக் கூட்டினால் -7 வரும். இரண்டு மொழியும் தத்தம் விதிப்படி சரியாகத்தான் செய்கின்றன. மொழிமாற்றி ஒரு வகுத்தற் குறிக்குப் பதில் இன்னொரு வகுத்தற் குறியை வைத்ததோடு தன் வேலை முடிந்தது என்று விட்டுவிட்டது.

அந்த ஒரு ரூபாய் என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது. ஒரு கணினி மொழியில் எழுதியதை இன்னொன்றுக்குத் தானாக மாற்றும் முயற்சி இன்று நேற்றையதன்று. அதில் மிகக் கடினமான பகுதி ‘வகுப்பு’ எனப்படும் அமைப்பைப் பெயர்ப்பது.

வகுப்பு என்பது ஒரு பொருளின் விவரங்களையும் அது செய்யும் வேலைகளையும் ஒன்றாகக் கட்டிவைத்த வார்ப்பு. ‘படகு’ என்று ஒரு வகுப்பு எழுதினால் அதன் பெயர், நீளம், சொந்தக்காரர் எல்லாம் அதற்குள் இருக்கும். ‘எரிபொருட் செலவு எவ்வளவு’ என்ற கேள்விக்கு விடை சொல்லும் முறையும் அதற்குள்ளேயே இருக்கும். அதிலிருந்து தோணி, பலநாள் போட் என்று பிள்ளை வகுப்புகள் பிறக்கலாம். பொதுவான குணங்களை அவை தாய் வகுப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். தமக்கு வேறுபடுவதை மட்டும் தாமே சொல்லும். வாவியில் துடுப்புப் போடும் தோணியிடம் எரிபொருட் செலவைக் கேட்டால் பூச்சியம் என்று சொல்லும். இந்த யோசனையை 1960களில் நோர்வேயின் ஒஸ்லோவில் ஓலே-யோகான் டாலும் கிறிஸ்டன் நைகாடும் சிமுலா என்ற மொழியில் கொண்டுவந்தார்கள்.

சிமுலாவை கேம்பிரிட்ஜில் பயன்படுத்திய டென்மார்க் மாணவர் ஒருவருக்கு அதன் அழகு பிடித்திருந்தது, வேகம் போதவில்லை. தன் செய்நிரலை வகுப்புகளே இல்லாத பி.சி.பி.எல். மொழியில் கையால் திருப்பி எழுத வேண்டிய நிலை அவருக்கு. அவர்தான் பியர்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப். 1979இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில், சி மொழிக்குள் வகுப்புகளைக் கொண்டுவரும் வேலையைத் தொடங்கினார். அதுதான் சி பிளஸ் பிளஸ் ஆனது. 1985இல் வெளிவந்த அதன் ‘சிஃபிரண்ட்’ ஒரு மொழிபெயர்ப்பி: சி பிளஸ் பிளஸில் எழுதியதை வாங்கிச் சாதாரண சி ஆக்கிக் கொடுக்கும். உலகம் முழுக்கப் பரவிய ஒரு மொழி, வகுப்புகளைத் தானாகப் பெயர்க்கும் கருவியாகவே பிறந்து நடந்திருக்கிறது.

வகுப்பே இல்லாத மொழியில் வகுப்பை எப்படி வைப்பது? முதலில் மூலத்தைச் சொல் சொல்லாகப் பிரித்து இலக்கண மரமாக அடுக்குவார்கள். எந்தப் பெயர் எதைக் குறிக்கிறது, எது எந்த இனம் என்று ஒவ்வொரு கிளையிலும் எழுதிவைப்பார்கள். பிறகு விவரங்களை ஒரு கட்டமைப்பாகவும், முறைகளைத் தனித்தனிச் செயற்கூறுகளாகவும் பிரிப்பார்கள். ஒவ்வொரு செயற்கூறுக்கும் ‘யாருக்காக வேலை செய்கிறாய்’ என்று அந்தப் பொருளையே முதல் உள்ளீடாகக் கொடுப்பார்கள். தோணிக்கும் போட்டுக்கும் விடை வேறுபடுவதால் எந்தக் கேள்விக்கு எந்தச் செயற்கூற்றை அழைப்பது என்ற முகவரிப் பட்டியல் ஒன்றையும் பொருளோடு இணைத்துவிடுவார்கள். கேட்பவருக்கு எதிரே இருப்பது தோணியா போட்டா என்று தெரியவேண்டியதில்லை. பட்டியலைப் பார்த்துக் கணினி சரியான இடத்துக்குப் போகும்.

இந்த வேலையை இலங்கைப் பொறியியலாளர்கள் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கணினிகள் வலையூடாக ஒன்றோடொன்று பேச உதவும் அப்பாச்சி அக்சிஸ்2 என்ற திறந்த மென்பொருளுக்கு வித்திட்டது 2004 ஆகஸ்டில் கொழும்பில் நடந்த ஒரு கூட்டம். ஜாவாவில் எழுதிய அதன் 1.0 பதிப்பு 2006இல் வந்தது. அடுத்த ஆண்டு அதே வடிவமைப்பின் சி மொழிப் பதிப்பும் 1.0 ஆனது. ஜாவாவின் வகுப்புகளுக்கு ஈடாகக் கட்டமைப்புகள், அவற்றுக்கு ‘உருவாக்கு’, ‘விடுவி’ என்று இரண்டு செயற்கூறுகள். அந்த நூலகத்தைக் கையால் எழுதினார்கள். கூடவே ஒரு சேவையின் விவரணையைக் கொடுத்தால் அதற்கான சி நிரலைத் தானாக எழுதித்தரும் கருவியும் வந்தது. அந்தக் கருவியே ஜாவாவில் எழுதப்பட்டது.

‘விடுவி’ என்ற அந்தச் செயற்கூறு ஜாவாக்காரர்களுக்குப் புதிது. ஜாவாவில் உபயோகம் முடிந்த பொருளை மொழியே கூட்டி அள்ளிவிடும். சி மொழியில் உருவாக்கியவரே அழிக்க வேண்டும். மறந்தால் நினைவகம் நிரம்பும், இரண்டு தரம் அழித்தால் செய்நிரல் விழலாம். எப்போது அழிப்பது என்று மூல ஜாவாவில் எந்த வரியிலும் எழுதியிருக்காது. எழுதாததை ஒரு மொழிபெயர்ப்பி எங்கே போய்த் தேடும்?

கூகிள் 2012இல் வெளியிட்ட ஜே2ஆப்ஜ்சி இதே முட்டில் போய் நின்றது. ஆண்ட்ராய்டுக்கு எழுதிய ஜாவா வகுப்புகளை ஐபோனின் ஆப்ஜெக்டிவ்-சி மொழிக்குத் தானாக மாற்றும் கருவி அது. திரையில் தெரியும் பகுதியை மாற்றவே மாட்டோம், அதை அந்தந்த போனுக்கு மனிதரே எழுதவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். நல்ல முடிவு. ஆப்ஜெக்டிவ்-சியில் ஒவ்வொரு பொருளும் தன்னை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கும். எண்ணிக்கை பூச்சியமானால் மறையும். படகு இயந்திரத்தைப் பிடித்திருக்க, இயந்திரம் படகைப் பிடித்திருந்தால் இரண்டின் எண்ணிக்கையும் பூச்சியமாகாது. யாருக்கும் பயனில்லாமல் இரண்டும் நினைவகத்தில் கிடக்கும். எந்தப் பிடியைத் தளர்த்துவது என்று மூல நிரலில் மனிதர்தான் குறித்துக் கொடுக்க வேண்டும்.

இனி மரபுரிமை. இதை விளங்க மட்டக்களப்பாருக்கு வேறு உதாரணம் வேண்டாம். எங்கள் பெயருக்கு முன்னால் நிற்பது தகப்பன் பெயரின் முதலெழுத்து. குடியோ தாயிடமிருந்து வருகிறது, வயிற்றுவார் வழியாக. தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இந்த வழக்கம் உண்டு. கோயில் உரிமைகளில் குடி பார்ப்பார்கள். கிழக்கின் பள்ளிவாசல்கள் பலவற்றில் குடிக்கு ஒரு மரைக்கார் இருந்த காலமும் உண்டு. ஒரு பிள்ளை இரண்டு பக்கமிருந்தும் வேறு வேறு உரிமையை எடுத்துக்கொள்கிறது.

சி பிளஸ் பிளஸில் இதை அப்படியே எழுதலாம். ஒரு வகுப்புக்கு இரண்டு பெற்றோர் அங்கு அனுமதி. ஜாவாவில் ஒரு பெற்றோர்தான். மற்றதற்கு ‘இடைமுகம்’ என்ற ஒன்று உண்டு. இன்னின்ன கேள்விக்கு விடை சொல்வேன் என்ற வாக்குறுதிதான் அதன் அடிப்படை, ஆளுக்கு ஆள் வேறுபடும் விவரங்களை அதில் வைக்க முடியாது. ஆகவே மொழிபெயர்ப்பி ஒரு பக்கத்தைப் பெற்றோராக்கி, மறுபக்கத்தைப் பிள்ளைக்குள் தனிப்பொருளாக வைத்து, கேள்வி வந்தால் அதனிடம் தள்ளிவிடும். தகப்பன் முதலில் எழுதப்பட்டிருந்தால் தகப்பன் பெற்றோர், தாயின் குடி உள்ளே வைத்த ஒரு பெட்டி. ‘உன் குடி எது’ என்று கேட்டால் சரியான விடை வரும். ஆனால் பிறப்பாய் இருந்தது அங்கே உடைமையாகிவிடுகிறது.

மச்சானும் மச்சாளும் கலியாணம் முடித்த வீட்டில் சிக்கல் இன்னும் கூடும். அவர்களின் பிள்ளைக்கு ஒரே பூட்டன் இரண்டு வழியாக வருவார். சி பிளஸ் பிளஸில் தனிக்குறிப்புக் கொடுக்காவிட்டால் அந்தப் பூட்டனின் விவரம் பிள்ளைக்குள் இரண்டு பிரதியாக இருக்கும். ஒன்றைத் திருத்தினால் மற்றது திருந்தாது. நிரலாளர்கள் இதை வைரச் சிக்கல் என்பார்கள். அந்த இரண்டு பிரதியும் வேண்டுமென்றே வைத்ததா, மறதியால் வந்ததா என்று நிரலைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது.

2020இல் ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் வேறு பாதையில் போனார்கள். இலக்கண விதிகளை எழுதிக் கொடுக்காமல், திறந்த நிரல்களைக் குவித்துக் கொடுத்து, டிரான்ஸ்கோடர் என்ற நரம்பு வலையமைப்பையே கற்கவிட்டார்கள். ஜாவாவிலிருந்து சி பிளஸ் பிளஸுக்கு 90 வீதத்துக்கு மேற்பட்ட செயற்கூறுகள் சரியாக வந்தன. ஜாவாவிலிருந்து பைதனுக்கு 68.7 வீதம். அதுவும் ஒவ்வொன்றுக்கும் 25 விடை எழுதவிட்டு, ஒன்று சரியென்றாலும் சரி என்று கொண்டதில் வந்த கணக்கு. சோதித்ததும் தனிச் செயற்கூறுகளை, முழு வகுப்புகளை அன்று. அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது மதிப்பிட்ட விதம். விடை பார்வைக்கு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று மட்டும் பார்த்து விடவில்லை. பழையதையும் புதியதையும் ஒரே உள்ளீட்டில் ஓடவிட்டு விடைகளை ஒப்பிட்டார்கள்.

மாற்றாமல் புதிதாக எழுதுவதே சரி என்ற இடமும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கல்குடா, பாசிக்குடாக் கரைகளையும் கடல் அடித்துப் போனது. சில நாட்களில் கொழும்பில் தொண்டர்கள் கூடி சஹானா என்ற மென்பொருளை எழுதினார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். காணாமற்போனோர், முகாம்கள், உதவி அமைப்புகள், தேவைகள் எல்லாவற்றுக்கும் அதில் பதிவேடு இருந்தது. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் அது போனது. பி.எச்.பி. மொழியில் இருந்த அதை வரிக்கு வரி பெயர்க்காமல், பைதனில் புதிதாகக் கட்டினார்கள். 2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தில் பயன்பட்டது இந்தப் புதிய சஹானாதான். விவரங்களின் அமைப்பை வரையறுத்தால் படிவம் தானாக உருவாகும்படி புதியதை அமைத்தார்கள். வரிக்கு வரி பெயர்த்திருந்தால் அது கிடைத்திராது. உதாரணமாக, ‘குடும்பப் பெயர்’ என்று கட்டாயக் கட்டம் வைத்த ஒரு வகுப்பை எந்த மொழிக்குப் பெயர்த்தாலும் அந்தக் கட்டமும் கூடவே வரும். முதலெழுத்தோடு மட்டும் முகாமுக்கு வரும் எங்கள் ஆச்சி அதில் எதை எழுதுவார்?

உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகளிடமும் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகப் பிள்ளைகளிடமும் ஒன்று கேட்கிறேன். மாற்றும் கருவிகளைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், அவை நாட்கணக்கான வேலையை மிச்சம் பிடிக்கும். ஆனால் நிரலை அதற்குள் போடும் முன் பழைய செய்நிரலிடம் கேள்விகள் கேட்டு விடைகளை எழுதி வையுங்கள். பூச்சியம் கொடுங்கள், நட்டக் கணக்குக் கொடுங்கள், பெயர் இல்லாத ஆளைக் கொடுங்கள். 2147483647ஐத் தாண்டும் தொகையையும் கொடுங்கள், ஜாவாவின் சாதாரண முழுவெண் அங்கே சத்தமில்லாமல் மறையெண்ணாகப் புரளும், பைதனில் புரளாது. பிறகு அதே கேள்விகளைப் புதியதிடம் கேளுங்கள். மருமகன் இப்போது அப்படி 23 கேள்விகள் எழுதிவைத்திருக்கிறான். முதற் கேள்வி, -7ஐ இரண்டு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு எவ்வளவு?