அப்பாவின் குரலைக் காத்த கோப்பு

'டூம்' என்ற கணினி விளையாட்டு 1993 டிசம்பரில் வெளிவந்தது. மறு ஆண்டே டெல்லி ஆர்.கே. புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கும் வந்து சேர்ந்தது. அதிலுள்ள ஒலிகளை நாமே மாற்றிக்கொள்ளலாம் என்பதால், நானும் தம்பியும் கதவு திறக்கும் ஓசைக்குப் பதிலாக அப்பாவை மைக்கில் பேசவைத்துப் பதிந்தோம். விளையாட்டில் கதவைத் திறந்தால், "யாரப்பா அது? உள்ளே வா!" என்பார்.

அப்பா மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் குரல் எங்களிடம் வேறெதிலும் இல்லை. சென்ற ஆண்டு பரணில் அந்த ஃபிளாப்பி கிடைத்தது. ஆனால் கோப்பின் முதல் செக்டர் கெட்டுப்போயிருந்தது. அப்படியும் குரல் மீண்டது எப்படி என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

ஒலி என்பது காற்றின் அதிர்வு. டூமின் பெரும்பாலான ஒலிகள் அந்த அதிர்வை நொடிக்கு 11,025 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணாக, ஒரு பைட்டில் எழுதிவைத்தவை. 128 என்றால் மௌனம். சுருக்குதல் என்பதே கிடையாது. அன்றைய 386, 486 கணினிகளுக்குப் படம் வரையவே நேரம் போதாது. சுருக்கிய ஒலியை விரிக்க நேரம் ஏது?

இதில் நஷ்டமும் உண்டு. 1.44 எம்.பி. ஃபிளாப்பி முழுவதிலும் ஏறக்குறைய இரண்டேகால் நிமிட ஒலிதான் அடங்கும். சுமார் 5,500 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கூர்மையான ஒலிகள் பதிவாகா.

லாபம் எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. பல சுருக்க முறைகளில் ஓரிடத்துச் சேதம் அடுத்த பகுதியையும் கெடுத்துவிடும். இங்கே ஒவ்வோர் எண்ணும் தனித்தனி. ஒரு செக்டர் 512 பைட். ஆகவே போனது நொடியில் இருபதில் ஒரு பங்குதான்.

ஆனால் அந்த முதல் செக்டரில்தான் ஒலியின் வேகத்தைக் குறிக்கும் தலைப்பகுதி இருந்தது. அதனால் மிஞ்சிய எண்களை 'அடாசிட்டி' என்ற இலவசச் செயலியில் கொடுத்து, வேகத்தை ஊகித்துப் பார்த்தோம். 22,050 என்றபோது குழந்தை கீச்சிட்டது. 8,000 என்றபோது யாரோ தூக்கத்தில் உளறினார்கள். 11,025 என்றதும் அப்பா பேசினார். "யா" மட்டும் சற்றே தேய்ந்திருந்தது.

"இன்னொரு தடவை போடு" என்றார் அம்மா.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றும்போது, ஒரு பிரதியையாவது சுருக்காமல் 'வேவ்' கோப்பாக வையுங்கள். வேகத்தையும் தனியே ஒரு தாளில் குறித்துவையுங்கள்.