சக்கரப் பலகையில் கடல் கடந்து: புறப்படும் முன் சில வார்த்தைகள்

மாலை நாலரை மணிக்கு மேல் நம் மைசூரில் எந்தப் பேட்டைக்குப் போனாலும், முதுகில் பள்ளிப் பையும் கையில் ஸ்கேட்டிங் ஷூவுமாகப் போகும் பிள்ளைகளைக் காணலாம். பாட்டு, பரதநாட்டியம், இந்தித் தேர்வு என்றிருந்த மாலை வகுப்புகளின் பட்டியலில் இன்று ஸ்கேட்டிங்கும் சேர்ந்துவிட்டது. பிள்ளை கொஞ்சம் தேறியதும் மாவட்டப் போட்டி, பிறகு மாநிலப் போட்டி. அதற்கப்புறம் ஒருநாள், "அப்பா, வெளிநாட்டில் ஒரு போட்டி இருக்கிறதாம், போகலாமா?" என்று கேட்கும். இந்தக் கேள்விக்கு "சரி" என்று சொல்வதற்கு முன் எதை எதை விசாரிக்க வேண்டும், எப்போது தொடங்க வேண்டும் என்பதை நம் உறுப்பினர் குடும்பங்களுக்காக இங்கே தொகுத்துத் தருகிறோம்.

ஸ்லாலம் என்றால் என்ன?

ஸ்கேட்டிங்கில் பல பிரிவுகள் உண்டு. அவற்றுள் பார்ப்பதற்கு மிக அழகானது ஸ்லாலம். இது நார்வே நாட்டுச் சொல். சரிவில் பனிச்சறுக்குக் கட்டை பதித்துச் செல்லும் தடம் என்பது இதன் பொருள். பனி மலையில் பிறந்த இந்த விளையாட்டு, பனியே காணாத ஊர்களில் சக்கரம் கட்டிக்கொண்டு தார்ச் சாலைக்கு இறங்கி வந்தது. வரிசையாகச் சிறிய கூம்புகளை நட்டு வைப்பார்கள். அவற்றைத் தட்டிவிடாமல், இடமும் வலமுமாக வளைந்து வளைந்து, குறைந்த நேரத்தில் கடப்பவரே வெற்றி பெற்றவர்.

இதில் இரண்டு வகை. ஒன்று, நான்கு சக்கரப் பலகையின் மேல் நின்று செல்லும் ஸ்கேட்போர்டு ஸ்லாலம். காலைத் தரையில் ஊன்றித் தள்ளாமல், இடுப்பையும் முழங்காலையும் அசைத்தே வேகம் பெறுவதுதான் இதன் சூட்சுமம். 1965இல் அமெரிக்காவின் அனஹைம் நகரில் நடந்த தேசிய ஸ்கேட்போர்டு போட்டியிலேயே ஸ்லாலம் இருந்தது. அந்நாளில் சக்கரங்கள் களிமண் கலவையில் செய்யப்பட்டவை. சிறு கல் பட்டாலே ஆளைக் கவிழ்த்துவிடும். 1970களின் தொடக்கத்தில் பாலியூரித்தேன் சக்கரம் வந்த பிறகுதான் தரையைப் பற்றிக்கொண்டு திரும்பும் வித்தை எல்லாருக்கும் வசப்பட்டது.

மற்றது, ஒரே வரிசையில் சக்கரங்கள் பொருத்திய ஷூவை அணிந்து செல்லும் இன்லைன் ஸ்லாலம். இதன் வேகப் பிரிவில் 80 சென்டிமீட்டர் இடைவெளியில் 20 கூம்புகள் இருக்கும். ஒற்றைக் காலில் அவற்றைக் கடக்க வேண்டும். தட்டிவிடும் ஒவ்வொரு கூம்புக்கும் 0.2 வினாடி தண்டனையாகக் கூட்டப்படும். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இப்பிரிவும் இடம்பெற்றது. நம் நாட்டவரும் கலந்துகொண்டனர். ஸ்கேட்போர்டு ஸ்லாலத்துக்கோ இன்னும் ஒலிம்பிக்கில் இடமில்லை. 2021இல் டோக்கியோவில் நுழைந்தவை ஸ்ட்ரீட், பார்க் என்ற இரு பிரிவுகளே.

ஒரு எச்சரிக்கை. சரிவுச் சாலை வேண்டும் என்பதற்காகப் பிள்ளைகள் சாமுண்டி மலைச் சாலையைத் தேடிப் போகக்கூடாது. பேருந்தும் காரும் ஓயாமல் இறங்கும் பாதை அது. பயிற்சிக்கு அடைக்கப்பட்ட மைதானமே ஏற்றது.

முன்னே சென்றவர்கள்

சக்கரத்தின் மேல் ஏறிக் கடல் கடந்தவர்களில் நம் தமிழ்ப் பிள்ளைகள் முன்வரிசையில் இருக்கிறார்கள் என்பது பெருமைக்குரியது. 2022இல் நடக்கவேண்டிய ஹாங்சோ ஆசிய விளையாட்டு, கொரோனா காரணமாக ஓராண்டு தள்ளிப்போய் 2023இல் நடந்தது. அக்டோபர் 2ஆம் தேதி, 3000 மீட்டர் தொடர் ஸ்கேட்டிங்கில் இந்தியப் பெண்கள் அணியும் ஆண்கள் அணியும் ஆளுக்கொரு வெண்கலம் வென்றன. பெண்கள் அணியில் ஆரத்தி கஸ்தூரிராஜும் கார்த்திகா ஜெகதீஸ்வரனும், ஆண்கள் அணியில் ஆனந்த்குமார் வேல்குமாரும் தமிழகத்தைச் சேர்ந்தவர்கள். சென்னைப் பிள்ளையான ஆனந்த்குமார் 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தைஹே நகரில் 1000 மீட்டர் பந்தயத்தில் தங்கம் வென்று, வேக ஸ்கேட்டிங்கில் இந்தியாவின் முதல் உலக சாம்பியன் ஆனார். அதே போட்டியில் 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம் அவருக்கே.

ஸ்கேட்போர்டு என்றால் மாமல்லபுரத்துச் சிறுமி கமலியை மறக்க முடியாது. அவரையும் அவர் தாயாரையும் பற்றிய 'கமலி' என்ற குறும்படம் 2020இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

ஆனால் பயணத் திட்டம் என்று வரும்போது நாம் பாடம் கற்க வேண்டிய கதை மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறது. பன்னா மாவட்டத்தில் ஜன்வார் என்றொரு பழங்குடிக் கிராமம். ஜெர்மனியைச் சேர்ந்த உல்ரிக்கே ரைன்ஹார்ட் என்ற அம்மையார் அங்கே ஒரு ஸ்கேட்போர்டு பூங்கா அமைத்தார். அதில் விளையாடக் கற்ற ஆஷா கோண்ட் என்ற பெண், 2018இல் சீனாவின் நான்ஜிங்கில் நடந்த உலகப் போட்டியில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டார். அதற்கு முன்பு அவர் ஆங்கிலம் கற்க இங்கிலாந்து சென்றபோது, வீட்டாரைச் சம்மதிக்க வைக்கவே மாதக்கணக்கில் ஆயிற்று. பெண்ணைத் தனியாக அனுப்புவதா என்று ஊரே கேட்டது. பாஸ்போர்ட்டும் விசாவும் அதற்கு அப்புறம்தான். எந்த வெளிநாட்டுப் பயணத்துக்கும் முதல் கையெழுத்து வீட்டிற்குள்தான் போடப்பட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

எந்தப் போட்டி, யார் அழைப்பு?

வெளிநாட்டுப் போட்டிக்குச் செல்ல இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, தேசிய அணிக்குத் தேர்வாவது. இந்திய ரோலர் ஸ்கேட்டிங் சம்மேளனம் நடத்தும் மாவட்ட, மாநில, தேசியப் போட்டிகளில் படிப்படியாக வென்று, 'வேர்ல்ட் ஸ்கேட்' என்ற உலக அமைப்பின் போட்டிக்கோ ஆசியப் போட்டிக்கோ அனுப்பப்படுவது. நாட்டின் சட்டையை அணிந்து களமிறங்கும் உரிமை இவர்களுக்கே. இரண்டாவது வழி, எவரும் கட்டணம் செலுத்திச் சேரக்கூடிய திறந்த போட்டிகள். ஸ்கேட்போர்டு ஸ்லாலப் பந்தயங்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்த முறையில் நடக்கின்றன. உலகின் தேர்ந்த ஆட்டக்காரர்களோடு ஒரே சரிவில் இறங்கிப் பழக இவை நல்ல வாய்ப்பு.

இரண்டுமே மரியாதையானவைதாம். வம்பு வருவது இவ்விரண்டுக்கும் நடுவே. ஏதோ ஒரு நாட்டில் ஒரு மைதானத்தை வாடகைக்கு எடுத்து, "உலகப் போட்டி" என்று பெயர் சூட்டி, இந்தியப் பிள்ளைகளையே ஒருவரோடு ஒருவர் மோதவிட்டு, எல்லாருக்கும் பதக்கம் மாட்டி அனுப்பும் தனியார் சுற்றுலாக்களும் உண்டு. இதற்காக நகையை அடகு வைத்துப் பணம் கட்டிவிட்டு, திரும்பி வந்து அந்தச் சான்றிதழைக் கல்லூரி சேர்க்கைக்குக் கொண்டு போனால், "இது அங்கீகாரம் பெற்ற போட்டி அல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். போட்டியை நடத்துவது எந்த அமைப்பு? அந்த அமைப்பின் அதிகாரபூர்வ நாட்காட்டியில் இந்தப் போட்டி இருக்கிறதா? சென்ற ஆண்டு எத்தனை நாடுகள் கலந்துகொண்டன? பதிலை அழைப்பவரிடம் மட்டுமன்றி, மாநிலச் சங்கத்திடமும் கேட்டுத் தெரிந்துகொள்வது உத்தமம்.

ஆறு மாதக் கணக்கு

ஜூலையில் ஐரோப்பாவில் போட்டி என்று வைத்துக்கொள்வோம். ஜனவரியிலேயே வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

முதலில் பாஸ்போர்ட். இவ்விஷயத்தில் மைசூர்வாசிகளுக்கு ஒரு பெருமை உண்டு. தபால் நிலையத்திலேயே பாஸ்போர்ட் சேவை மையம் என்ற திட்டம் 2017 ஜனவரி 25 அன்று நாட்டில் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது இரண்டே ஊர்களில். ஒன்று குஜராத்தின் தாஹோத், மற்றொன்று நம் மைசூர். இதற்காகப் பெங்களூருக்கு அலைந்த காலம் போயிற்று. 18 வயதுக்கு உட்பட்டவருக்கு 36 பக்கப் பாஸ்போர்ட்டின் சாதாரணக் கட்டணம் 1000 ரூபாய். பெரியவருக்கு 1500 ரூபாய். சிறுவர் பாஸ்போர்ட் 5 ஆண்டுக்கு அல்லது 18 வயது நிறையும் வரைக்குமே செல்லும். முன்னே எடுத்து வைத்திருந்தால் காலாவதித் தேதியை உடனே பாருங்கள்.

இங்கே நம் தமிழ்க் குடும்பங்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு, அதுதான் இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் 'ஆர். கார்த்திக்' என்றிருக்கும், ஆதாரில் 'கார்த்திக் ஆர்' என்றிருக்கும், பாஸ்போர்ட்டில் 'கார்த்திக் ராமசாமி' என்று விரித்து எழுதப்பட்டிருக்கும். போட்டிக்குப் பெயர் கொடுத்தவர் வேறு மாதிரி எழுதியிருப்பார். 'தமிழ்ச்செல்வி' போன்ற பெயரானால் இன்னும் மோசம். 'ழ' என்ற நம் சிறப்பு எழுத்துக்கு ஒரு சான்றிதழில் 'எல்', இன்னொன்றில் 'இசட் எச்' என்று ஆங்கில எழுத்துகள் மாறிவிடும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே விமான டிக்கெட், விசா விண்ணப்பம், காப்பீடு, போட்டிப் பதிவு எல்லாவற்றிலும் பெயர் இருக்க வேண்டும். பிறந்த தேதியும் அப்படியே. வயதுப் பிரிவு அதை வைத்துத்தான் தீர்மானிக்கப்படும்.

அடுத்தது விசா. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குப் பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 90 யூரோ. 6 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைக்கு 45 யூரோ. பெங்களூரில் உள்ள விண்ணப்ப மையத்திற்குப் பிள்ளையும் நேரில் போக வேண்டும். கோடை மாதங்களில் அங்கே தேதி கிடைப்பதே கஷ்டம். வங்கிக் கணக்கு விவரம், வருமான வரித் தாக்கல், அலுவலக விடுப்புக் கடிதம், பள்ளியின் அனுமதிக் கடிதம், போட்டி நடத்துவோரின் அழைப்பு, தங்குமிடச் சான்று ஆகியவற்றைக் கேட்பார்கள். தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் உடன் போவதானால், மற்றவரின் ஒப்புதலை நோட்டரியிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். இதில் ஒரு நுணுக்கம் கவனிக்கத்தக்கது. சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் போட்டி விளையாட்டில் படும் காயத்துக்குப் பணம் கிடைக்காது. விளையாட்டு விபத்தும் சேர்ந்த பாலிசி தானா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பணமும் பெட்டியும்

இந்திய விளையாட்டு நிர்வாகத்தில் ஒரு சொற்றொடர் உண்டு: "அரசுக்குச் செலவின்றி". அணியில் இடம் கிடைத்தது, ஆனால் பணம் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்பது இதன் சாதாரணத் தமிழ். ஆகவே தேர்வுக் கடிதம் வந்தவுடன் முதல் கேள்வியாக, எது யார் பொறுப்பு என்று தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். டிக்கெட், தங்குமிடம், உணவு, சீருடை, நுழைவுக் கட்டணம், பயிற்சியாளரின் செலவு ஆகியவற்றைத் தனித்தனியே எழுதி, மொத்தத்தோடு பத்தில் ஒரு பங்கை எதிர்பாராத செலவுக்கென்று சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகை குடும்பத்தின் சேமிப்புக்குள் அடங்காவிட்டால், அடுத்த ஆண்டு போகலாம் என்று சொல்வதில் வெட்கம் ஏதுமில்லை.

பெட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. ஸ்பேனர் முதலிய கருவிகள் சரக்குப் பெட்டியில் போகட்டும். பழகிய ஷூவும் ஹெல்மெட்டும் முடிந்தால் கைப்பெட்டியில் வரட்டும். பெட்டி தொலைந்தால் பலகையை இரவல் வாங்கலாம். காலுக்குப் பழகிய ஷூவை வாங்க முடியாது. சக்கரத்துக்குள் இருக்கும் பேரிங் '608' என்ற ஒரே அளவுதான்; உலகெங்கும் கிடைக்கும். புளிக்காய்ச்சல், சட்னிப்பொடி எடுத்துச் செல்லலாம். ஆனால் ஐரோப்பாவுக்கு நெய் முதலிய பால் பொருள்களும் இறைச்சியும் கொண்டு போகத் தடை உண்டு. இருமல் மருந்து, மூக்கடைப்பு மாத்திரை எதையும் வைத்தியரையும் பயிற்சியாளரையும் கேட்காமல் கொடுக்காதீர்கள். சாதாரண மருந்திலும் தடை செய்யப்பட்ட பொருள் இருக்கக்கூடும்.

மைசூரிலிருந்து பெங்களூர் விமான நிலையத்துக்கு கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் 'ஃபிளை பஸ்' நேராகவே செல்கிறது. கோடையில் மத்திய ஐரோப்பிய நேரம் நம்மைவிட மூன்றரை மணி பின்தங்கியது. போட்டிக்கு இரண்டு மூன்று நாள் முன்பே போய்ச் சேர்ந்தால் உடம்பும் ஒத்துழைக்கும், அந்த ஊர்த் தரையும் சக்கரத்துக்குப் பழகும்.

சங்கம் என்ன செய்யலாம்?

வேற்று மொழி மாநிலத்தில் வாழும் நமக்குச் சங்கம் என்பது பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் மட்டும் அல்லவே. நம்மில் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். நோட்டரி வக்கீல்கள் இருக்கிறார்கள். விண்ணப்பத்தைச் சரிபார்க்க ஒருவர், போகிற ஊரில் ஒருவேளை சாதம் போட ஒரு வீடு, குறுகிய காலத்துக்கு வட்டியில்லாக் கைமாற்று ஆகியவை அமைந்தால் ஒரு குடும்பத்தின் பாதிக் கவலை தீரும். அந்தந்த ஊர்த் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் போட நமக்கு எத்தனை நேரம் ஆகும்?

கடைசியாக, பெற்றோருக்கு ஒன்று. போட்டிக்குப் போக வேண்டும் என்ற ஆசை பிள்ளையுடையதா, நம்முடையதா என்று புறப்படும் முன் ஒருமுறை கேட்டுக்கொள்வோம். பிள்ளையுடையது என்றால், வினாடியில் தோற்றுத் திரும்பினாலும் அது அடுத்த நாள் மாலையே கூம்புகளை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடும். அப்படிப் போகிற பிள்ளைக்காக எவ்வளவு அலைந்தாலும் தகும். நம் மைசூர்த் தமிழ்ப் பிள்ளைகள் முறையான வழியில், முறையான போட்டிகளுக்குச் சென்று வர வாழ்த்துகிறோம்.